வாய்க்கால் அகன்றால் ஊற்றுப் பெருகுமோ?

மயிலாப்பூரில் ஓர் இல்லத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். குடும்பத் தலைவர் வீட்டிலேயே கணினி வைத்துத் தட்டச்சுப் பணியால் பிழைப்பவர். அக்கணினி விழித்தெழவே நெடுநேரமாகிறது. "ஹார்டு டிஸ்க் இணைப்பு பழையது, மதர்போர்டை மாற்றிப் புதிய இணைப்புக் கொடுத்தால் வேகம் கூடும்" என்று எவரோ கூறிவிட்டனர். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கெனச் சேர்த்த பணத்தில் கைவைக்கலாமா என்பதே அவர்தம் கலக்கம். "சுவாமி, தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று வினவினார் இல்லத்தரசி.

செலவிடுமுன் பொருளின் இயல்பை அறிதல் நன்று. ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. அதன்மேல் ஒரு முனை நகர்ந்து, வேண்டிய செய்தியைத் தேடிப் படிக்கிறது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க விநாடியில் 120-இல் ஒரு பங்கு ஆகிறது. கணினியைத் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டியிருப்பதால், இச்சிறு காத்திருப்புகளே பெருந்தாமதமாகின்றன.

இணைப்போ, செய்தி பாய்ந்து வரும் வாய்க்கால் மட்டுமே. 'சாட்டா' இணைப்பின் இரண்டாம் தலைமுறை விநாடிக்கு 300 மெகாபைட் கடத்தவல்லது; 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை 600 மெகாபைட் கடத்தும். ஆயின் இல்லங்களிலுள்ள பழைய தட்டுகள், பெரிய கோப்பை இடைவிடாது படிக்கும்போதும் 200 மெகாபைட்டைக் கடப்பது அரிது. ஊற்று மெலிந்த கிணற்றுக்கு வாய்க்காலை அகலப்படுத்தி என்ன பயன்?

மாற்ற வேண்டியது தட்டையே. 'எஸ்.எஸ்.டி.' எனும் சேமிப்பகத்தில் சுழலும் பகுதி ஏதுமில்லை. ஆதலின் தேடும் தாமதம் மிகக் குறைவு. பழைய சாட்டா இணைப்பிலும் அது பொருந்தும். இணைப்பு அதன் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தினும், அன்றாடப் பணியில் பெரும் மாற்றம் தெரியும். 'என்.வி.எம்.இ.' எனும் புதிய இணைப்பு இன்னும் பன்மடங்கு விரைவானது. எனினும் பெரிய காணொளிகளைக் கையாள்வோர்க்கே அதன் முழுப்பயன் கிட்டும். கடிதம் தட்டச்சு செய்வோர்க்கு அன்று.

அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கினார் அவர். கோப்புகளை முதலில் படியெடுத்து, பின்னரே மாற்றினார்கள். மதர்போர்டு பழையதே, கணினியோ இப்போது விரைந்து எழுகிறது. பழைய தட்டை எறியாமல், கோப்புகளின் மறுபடியைக் காக்க வைத்திருக்கிறார். கட்டணப் பணமும் பெட்டியில் பத்திரமாயிருக்கிறது.

அன்பர்களே, புதியது என்பதாலேயே ஒன்று பயன் தந்துவிடாது. தடை எங்கே என்று கண்டபின் பணப்பையைத் திறப்போம்.