செங்காந்தளும் இதயக் குழாயும்

சென்ற மாதம் சிவகாசியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். முப்பது ஆண்டுகள் பட்டாசு ஆலையில் உழைத்தவர். மாரடைப்பு கண்டு, மதுரையில் இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "கண்வலிக் கிழங்குப் பொடி ஐயா. இதயத்துக்கு நல்லதென்று அமெரிக்காவிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். தேனில் குழைத்துச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். இன்னும் வாயில் வைக்கவில்லை என்று அறிந்த பிறகே நமக்கு மூச்சு வந்தது. அவர் கேள்விப்பட்ட செய்தி பொய்யன்று. ஆனால் பொட்டலத்தில் இருந்ததோ கொடிய நஞ்சு.

கண்வலிக் கிழங்கு என்பது நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கேயாகும். கார்த்திகைப் பூ, கலப்பைக் கிழங்கு என்றும் வழங்குவர். ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் கிளுவை நட்டு, அதன்மேல் கொடியேற்றி இதைப் பயிரிடுகிறார்கள். பூவின் சூல்முடி மகரந்தத்தைவிட்டு விலகி ஒருபுறமாக மடங்கி நிற்பதால், காலை வேளையில் ஒவ்வொரு பூவாகக் கையினால் மகரந்தம் தொட்டு வைக்கவேண்டும். இத்தனை பாடும் விதைக்காகத்தான். அவ்விதையிலிருந்து கால்சிசின் என்னும் மருந்துச் சத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். ஐரோப்பாவில் இதே சத்து வேறொரு செடியிலிருந்து 1820-இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கத்துக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள்.

மூட்டுக்குத் தரும் மருந்துக்கு இதயத்தில் என்ன வேலை? இதயக் குழாய் அடைபடுவது, தண்ணீர்க் குழாயில் பாசி படிவதுபோன்ற செயலன்று. குழாயின் சுவருக்குள் புகுந்த கொழுப்பைக் கண்டு இரத்தத்தின் வெள்ளணுக்கள் அங்கே திரளுகின்றன. அவ்விடம் புண்போல் கனன்று வீங்குகிறது. இதனை அழற்சி என்பர். கனன்ற இடம் ஒருநாள் கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்தால் மாரடைப்பு. வெள்ளணுக்கள் நகர்ந்து செல்ல, அவற்றின் உள்ளே நுண்ணிய குழல்கள் உருவாகவேண்டும். கால்சிசின் அக்குழல்களை உருவாகவிடாமல் தடுக்கிறது.

கனடாவின் மான்ட்ரியல் இதய நிலையத்தார் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் மாரடைப்பு கண்ட 4,745 பேர் பங்குகொண்டனர். நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கால்சிசின் உண்டவர்களில் 5.5 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 7.1 விழுக்காட்டினருக்கும் மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற துன்பங்கள் நேர்ந்தன. 2020-இல் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் 5,522 பேரிடம் செய்த ஆய்விலும் பயன் தெரிந்தது. 2023 ஜூனில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் தந்தது. பெரியவர் கேள்விப்பட்டது இதைத்தான். ஆயினும் 2024-இல் வந்த, 7,062 பேர் பங்குகொண்ட மிகப் பெரிய ஆய்வு, மாரடைப்புக்குப் பின் இம்மருந்தால் பயன் இல்லை என்றே காட்டியது. ஆகவே வல்லுநரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைக்கும் ஆஸ்பிரினுக்கும் பதிலாக இதனைக் கொள்ளலாம் என்று எவரும் சொல்லவில்லை.

அரை மில்லிகிராம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பெரிய கிழங்கில் நூற்றுக்கணக்கான மாத்திரைகளுக்கு ஈடான கால்சிசின் இருக்கக்கூடும். வெள்ளணுக்களை நிறுத்தும் அதே தடை, அளவு மீறினால் குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் புதிய அணுக்கள் பிறப்பதையே நிறுத்திவிடும். சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அடுத்த நாட்களில் சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகத் தளரும். நஞ்சை முறிக்கவென்று மருத்துவமனையில் எடுத்துக் கொடுக்கத் தனி மருந்து கிடையாது. சர்க்கரைவள்ளி என்று எண்ணி இதை வேகவைத்துத் தின்று மாண்டவர்களும் உண்டு. சித்த வைத்தியரும் சுத்தி செய்யாமல் இதைத் தொடமாட்டார்கள். மாத்திரையாக இருந்தாலும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளைச் சேர்த்து உண்பவர்களுக்கும் வழக்கமான அளவே மிகையாகிவிடும்.

இவ்வளவையும் நாம் விளக்க, பெரியவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மருந்து அறையில் கையளவு கூடினால் என்ன ஆகுமென்று எனக்கா தெரியாது!" சிவகாசியில் மருந்து என்றால் வெடிமருந்துதானே.

பொட்டலத்தை ஆடு மாடு வாய் வைக்காத இடமாகப் பார்த்து ஆழப் புதைத்தோம். மறுவாரம் அவர் தம் இதய மருத்துவரிடம் சென்று, மாத்திரையைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறார். மருத்துவர் முதலில் சிறுநீரகச் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். முடிவு இன்னும் வரவில்லை.