ஆடிப்பட்டமும் பினாங்கு மழையும்: செண்டுமல்லியின் விதைப்புக் காலம் குறித்த ஒரு பார்வை

முன்னுரை

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழ் மாணவர் பலரும் அறிந்த பழமொழியாகும். தமிழகத்தின் மழைக்காலத்தை அடியொற்றித் தோன்றிய இவ்வறிவுரை, கடல் கடந்த பினாங்கு மண்ணுக்கு எவ்வளவு பொருந்தும்? துலுக்கச் சாமந்தி என்றும் வழங்கப்பெறும் செண்டுமல்லியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இவ்வினாவை ஆராய்கின்றது.

பகற்பொழுதும் பூப்பும்

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட செண்டுமல்லி, குறும்பகலில் விரைந்து பூக்கும் இயல்புடையது. பகல் நீளுமாயின் இலையும் கிளையும் பெருகிப் பூப்புத் தாமதமாகும். ஆகவே, பகலளவு பெரிதும் மாறும் நிலப்பகுதிகளில் விதைக்கும் மாதமே செடியின் வளர்ச்சியையும் பூக்கும் நாளையும் விளைச்சலையும் பெரிதும் உறுதிசெய்கின்றது. தில்லியில் ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே ஏறத்தாழ மூன்றரை மணி நேர வேறுபாடு உண்டு. திண்டுக்கல்லில் அது ஒரு மணி நேரத்திற்குச் சற்றே மிகுதி. வடக்கே 5 பாகையளவில் அமைந்த பினாங்கிலோ, 40 நிமிடத்திற்கும் குறைவு. எனவே, இங்குப் பூப்பு நாளைப் பகலளவு பெரிதாக மாற்றுவதில்லை எனலாம்.

மழையே அளவுகோல்

அவ்வாறாயின் பினாங்கில் எப்பொழுது விதைத்தாலும் ஒன்றுதானோ எனில், அன்று. இங்கு விளைச்சலைத் தீர்மானிப்பது மழையாகும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகும். சனவரி, பிப்ரவரி மாதங்கள் ஒப்பளவில் வறண்டவை. தொடர்மழையில் நீர் தேங்கி வேரழுகல் உண்டாகும். இலைக்கருகலும் பூவழுகலும் பரவும். மொட்டுகள் மிகுதியாக இருப்பினும் மாலைக்கு உதவும் பூக்கள் குறைந்துவிடும்.

இரு விழாக்கள், இரு விதைப்புகள்

நாற்றங்காலில் 30 நாளும் நட்டபின் 60 நாளுமாக, விதைப்பிலிருந்து முதல் அறுவடைக்குப் பொதுவாக ஏறத்தாழ 90 நாள் கொள்ளலாம். 2025ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 20இல் அமைந்தது. பின்னோக்கிக் கணக்கிட்டால் விதைப்பு நாள் சூலை 22, அதாவது ஆடித் திங்களின் முதல் வாரம். பழமொழியோடு நாள் பொருந்துகின்றது, பயனோ மாறுகின்றது. தமிழகத்தில் ஆடி விதைப்பைத் தொடர்ந்து வரும் மழை பயிரை வளர்க்கின்றது. பினாங்கிலோ மலர்ந்த பூவை அம்மழையே அழிக்கின்றது.

2026ஆம் ஆண்டுத் தைப்பூசம் பிப்ரவரி 1இல் வந்தது. அதற்குரிய விதைப்பு நவம்பர் 3, ஐப்பசித் திங்கள். இப்பருவத்தில் நாற்றுக்கு மழைக்காப்பு வேண்டும்; ஆயின் பூக்கும் காலம் வறண்டதாக அமையும். தண்ணீர்மலைக்குக் காவடிகள் செல்லும் நாளை நோக்கிப் பயிரிடுவோர்க்கு ஐப்பசியே நற்பட்டம் எனலாம்.

தீபாவளிக்குப் பயிரிடுவோர் மேட்டுப்பாத்தி, நல்ல வடிகால், நெகிழிக் கூரை, செடிகளுக்கிடையே போதிய இடைவெளி ஆகியவற்றைக் கைக்கொள்ளுதல் நலம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை விதைத்தால் ஒரே மழையில் முழுவதையும் இழக்க நேராது. நுனி கிள்ளுவதால் கிளைகள் பெருகும். எனினும் பூப்புச் சில நாள் பின்தள்ளப்படும். அதற்கேற்ப முன்னதாக விதைத்தல் வேண்டும்.

முடிவுரை

பழமொழியின் உட்பொருள் ஆடி என்னும் திங்களன்று. பருவமறிந்து விதைக்க வேண்டும் என்பதே. ஆசிரியர்கள் இதனைக் கற்பிக்கும்பொழுது மாணவரைத் தம் ஊரின் மழையைக் கவனிக்கச் செய்வார்களாயின், முன்னோர் அறிவு இம்மண்ணிலும் பயன்தரும் என்பது திண்ணம்.