பயிற்சி மருத்துவர்கள் மீதான பணியிட வன்முறை

பயிற்சி மருத்துவர்கள் மீதான பணியிட வன்முறை என்பது, மருத்துவப் படிப்பின் பகுதியாக மருத்துவமனையில் பணியாற்றுவோர் எதிர்கொள்ளும் வசவு, மிரட்டல், தாக்குதல், பாலியல் துன்புறுத்தல் முதலியவற்றைக் குறிக்கும். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்பின் இறுதியில் 12 மாதக் கட்டாயப் பயிற்சி பெறுவோரும் (ஹவுஸ் சர்ஜன்), பட்டமேற்படிப்பு மாணவர்களும் இவ்வகையில் அடங்குவர்.

காரணங்கள்

அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியை முதலில் காண்பவர் பெரும்பாலும் பயிற்சி மருத்துவரே. படுக்கைப் பற்றாக்குறைக்கும் காத்திருப்புக்கும் அவர் பொறுப்பல்லர். ஆயினும் உறவினரின் சினம் அவர் மீதே திரும்புகிறது. மூத்தோரின் வசவும் உண்டு. தேர்வும் சான்றிதழும் அவர்கள் கையில் இருப்பதால் பலர் முறையிடுவதில்லை.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

* மே 10, 2023: கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், காவல்துறையினர் சிகிச்சைக்கு அழைத்துவந்த ஒருவர் பெண் பயிற்சி மருத்துவரைக் குத்திக் கொன்றார்.
* ஆகஸ்ட் 9, 2024: கொல்கத்தா ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியிலிருந்த பட்டமேற்படிப்பு மாணவி வன்புணர்ந்து கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் இவ்வழக்கைத் தானாக முன்வந்து விசாரித்து, தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது.
* நவம்பர் 13, 2024: சென்னை, கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் மூத்த புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் உயிர் பிழைத்தார்.

உளநலம்

தாக்குதலுக்கு ஆளானோரிடம் அச்சம், உறக்கமின்மை, பணிச்சோர்வு ஆகியன காணப்படலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இணையவழிக் கணக்கெடுப்பில் பங்கேற்ற பட்டமேற்படிப்பு மாணவர்களுள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரும், இளநிலை மாணவர்களுள் 16 விழுக்காட்டினரும் தற்கொலை எண்ணம் ஏற்பட்டதாகக் கூறினர். வாரத்திற்கு 74 மணிநேரத்திற்கு மேல் பணி கூடாது, ஒருநாள் விடுப்பு வேண்டும் என அது பரிந்துரைத்தது. 1992 ஆம் ஆண்டின் நடுவண் அரசு நெறிமுறை வகுத்த அளவோ வாரத்திற்கு 48 மணிநேரமே. அது பரவலாகக் கடைப்பிடிக்கப்படவில்லை.

சட்டம்

தமிழ்நாட்டில் 2008 இல் இயற்றப்பட்ட சட்டம், மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைப் பிணையில் விடமுடியாத குற்றமாக்கியது. இது பயிற்சி மருத்துவர்களுக்கும் பொருந்தும்.

திருவள்ளூர் மாவட்டம்

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி, ஆண்டுக்கு 100 இடங்களுடன் ஜனவரி 12, 2022 அன்று திறந்துவைக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளுள் ஒன்று. இம்மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையும் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையும் உள்ளன. இத்தகைய தொழிற்பகுதிகளில் விபத்துக்குள்ளாகும் தொழிலாளர் பலர் வெளிமாநிலத்தவர். உடன் வருவோருக்கும் மருத்துவருக்கும் பொதுமொழி இல்லாதபோது, நோயாளியின் நிலையை எடுத்துரைப்பது கடினமாகி, ஐயமும் சினமும் வளர இடமுண்டு. மொழிபெயர்ப்பாளரும் இரவுக் காவலும் மருத்துவருக்கும் நோயாளிக்கும் ஒருங்கே பயன்படுபவை.

உதவி

டெலி மானஸ் என்னும் இலவச உளநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம்.

இவற்றையும் பார்க்க

* மருத்துவக் கல்வி
* பணிச்சோர்வு