புகைவண்டி போன வழி

பிரயாணம் என்பது ஓரிடத்தினின்று மற்றோரிடத்தை விரைந்து சேர்தல் மட்டுமன்று. இடையிலுள்ளவற்றைக் கண்டும் கேட்டும் செல்லுதலும் அதன் பயனேயாம். நடந்து செல்வோன் யாவற்றையும் காண்பான். ஆயின் அவன் கடக்குந் தூரம் சிறிது. மோட்டார் வண்டியிற் செல்வோன் நெடுந்தூரம் கடப்பான். ஆயின் அவன் காண்பது சிறிது. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது சைக்கிள் எனப்படும் துவிசக்கர வண்டி. அதில் ஏறிச் சுற்றுவார்க்கு இடையூறுகள் இரண்டு. ஒன்று மலைநாட்டின் ஏற்றம். மற்றொன்று முன்னும் பின்னும் விரையும் மோட்டார் வண்டிகள். மலையும் கடலும் நெருங்கியுள்ள நாடுகளில் இவ்விரண்டும் ஒருங்கே கூடும். மலையடிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் சாலை ஒன்றே அமைதலின், பெரியனவும் சிறியனவுமாகிய எல்லா வண்டிகளும் அவ்வழியே சென்றாகவேண்டும். இவ்விரு இடையூறுகளையும் ஒருசேர நீக்கிய ஒரு வழியைப் பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கியிருப்பது மேயோ ஜில்லா. அங்கே வெஸ்ட்போர்ட் என்னும் ஊரினின்று நியூபோர்ட், மல்ரானி என்னும் ஊர்களின் வழியாக அக்கில் தீவின் வாயில் வரையில் 42 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாதை செல்லுகின்றது. அதற்கு ‘கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே’ என்று பெயர். ‘மேற்றிசைப் பசும்பாதை’ என்று நாம் கூறலாம். சிற்சில இடங்களிற் சாலையைக் குறுக்கே கடப்பதும், ஊர்களுக்குள் புகுவதும் ஒழிய, மற்றெங்கும் அது நடப்பார்க்கும் சைக்கிள் ஏறுவார்க்கும் மட்டுமே உரியது.

இப்பாதை புதிதாக வகுக்கப்பட்டதன்று. பழைய இருப்புப்பாதையின் உடல். 1889ஆம் ஆண்டில், பிற்காலத்தில் பிரதம மந்திரியான ஆர்தர் பால்ஃபர் அயர்லாந்தின் தலைமைக் காரியதரிசியாக இருந்தபோது, வறுமை மிக்க மேற்குப் பகுதிகளுக்குச் சிறு இருப்புப்பாதைகள் அமைக்கச் சட்டமொன்று செய்யப்பட்டது. அதன் பயனாக வெஸ்ட்போர்ட்டிலிருந்து நீண்ட பாதை 1894இல் நியூபோர்ட்டையும், 1895இல் அக்கில் கரையையும் எட்டியது. நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றே மேற்பட ஓடிய பின்னர், போதிய வருவாயின்மையாலும் மோட்டார் வண்டிகளின் போட்டியாலும் 1937இல் அது மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. கரையும் வெட்டும் பாலமும் மட்டும் புல்மூடிக் கிடந்தன.

இருப்புப்பாதை சைக்கிளுக்கு ஏற்றதாவது எங்ஙனம் என்று மாணவர் வினவக்கூடும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது பிடிப்பு மிகக் குறைவு. ஆதலின் செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் சறுக்கும். அது பற்றியே பொறியாளர் மேட்டை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும், மலையை வளைந்தும், பாதையைக் கூடியவரையிற் சமனாக்கினர். ஏறுவோனும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ நிறையென்று கொள்வோம். 100 அடிக்கு 5 அடி உயரும் சாலையில் ஏற்றத்தின் பொருட்டு மட்டும் அவன் நாலரைக் கிலோ பளுவை இடைவிடாது இழுத்தவனாகின்றான். 100 அடிக்கு 1 அடியே உயரும் பாதையிலோ அப்பளு 1 கிலோவிற்கும் குறைவு. எனவே புகைவண்டிக்காகப் பட்ட பாடு, கால்வலியில்லாத முதியோர்க்கு மட்டுமன்றி, வலியுள்ள முதியோர்க்கும் சிறுவர்க்கும் இன்று பயன் தருகின்றது. இன்னொரு பொருத்தமும் உண்டு. காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை நடைமுறைக்குக் கொணர்ந்த ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை வைத்தியர், 1888இல் அதனைச் செய்ததும் அயர்லாந்துத் தீவிலுள்ள பெல்பாஸ்ட் நகரிலேதான். இப்பாதையும் அச்சக்கரமும் ஏறக்குறைய ஒரே வயதினவாம்.

இனி, வழியின் இயல்பைச் சிறிது கூறுவோம். தெற்கே க்ளூ விரிகுடா விரிந்து கிடக்கும். அதில் எண்ணிறந்த சிறு தீவுகள் கவிழ்த்த கூடைகளைப் போலத் தோன்றும். ஆண்டின் நாளொன்றுக்கு ஒரு தீவென்று அவ்வூரார் கூறுவர். பண்டைக் காலத்துப் பனிப்பாறைகள் குவித்துச் சென்ற மண்மேடுகளே, கடல்மட்டம் உயர்ந்தபின் தீவுகளாயின. விரிகுடாவின் தென்கரையில் 764 மீட்டர் உயரமுள்ள குரோ பேட்ரிக் மலை கூம்புபோல் நிற்கும். அர்ச்சியசிஷ்ட பேட்ரிக் அங்கே நாற்பது நாள் உபவாசம் இருந்தார் என்பது ஐதிகம். இன்றும் ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் யாத்திரிகர் திரளாக அதில் ஏறுகின்றனர். வடக்கே நெஃபின் பெக் மலைத்தொடரும், அதன் அடியில் மரமற்ற கரிய சதுப்பு நிலமும் காணப்படும். அச்சதுப்பின் மட்கிய மண்ணைக் கட்டிகளாக வெட்டி உலர்த்தி அடுப்பெரித்தல் அந்நாட்டார் வழக்கம். நியூபோர்ட்டில் புகைவண்டிக்கென்று செந்நிறக் கல்லால் எழுப்பிய ஏழு வளைவுப் பாலம் ஒன்று இன்னும் கம்பீரமாக நிற்கின்றது.

காட்சி இங்ஙனமிருக்க, இவ்வழியின் வரலாறு துயரம் நிறைந்தது. அக்கில் தீவின் வறியோர் ஆண்டுதோறும் ஸ்காட்லாந்து சென்று வயல்வேலை செய்து பிழைத்து வந்தனர். 1894ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள், நூற்றுக்கு மேற்பட்ட கூலியாட்களை ஏற்றிவந்த பாய்மரப் படகொன்று வெஸ்ட்போர்ட் துறையை அணுகியது. தாங்கள் ஏறவேண்டிய நீராவிக் கப்பலைக் காணும் ஆவலால் அனைவரும் ஒருபுறம் குழுமவே, படகு கவிழ்ந்து 32 பேர் மாண்டனர். அப்போது அக்கில் இருப்புப்பாதை முறைப்படி திறக்கப்படவில்லை. ஆயினும் அவர்தம் சடலங்களைக் கொண்டுசெல்லத் தனி வண்டியொன்று விடப்பட்டது. 43 ஆண்டுகள் கழிந்தபின், 1937 செப்டம்பர் 16ஆம் நாள், ஸ்காட்லாந்தில் கர்க்கின்டில்லாக் என்னுமிடத்தில் கூலியாட்கள் உறங்கிய கொட்டில் தீப்பற்றி, அக்கில் இளைஞர் பதின்மர் மடிந்தனர். அவர்களுடைய உடல்களும் இவ்வழியே வந்தன. சில நாட்களில் பாதை மூடப்பட்டது. நெருப்பும் புகையும் கக்கும் இரும்புச் சக்கர வண்டிகள் வருமென்றும், முதலில் வருவதும் இறுதியில் வருவதும் பிணங்களைச் சுமந்து வருமென்றும் முற்காலத்தவன் ஒருவன் உரைத்ததாக அங்கு ஒரு கதை வழங்குகின்றது. கதையை நம்புவாரும் நம்பாதாரும் உளர். மாண்டவர் மாண்டது மட்டும் உண்மை.

மற்றொன்றும் சிந்திக்கற்பாலது. மேயோ ஜில்லா நிலத்திற்காகப் போராடிய நாடு. சிறு பிராயத்தில் தன் குடும்பம் நிலத்தினின்றும் துரத்தப்பட்டதைக் கண்ட மைக்கேல் டேவிட் என்பார், 1879இல் அம்மாகாணத்திலேயே நிலச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அக்கில் செல்லும் பாலம் அவர் பெயரையே தாங்குகின்றது. 1880இல் கேப்டன் பாய்காட் என்னும் நிலக்காரியஸ்தருக்கு அவ்வூரார் வேலை செய்யவும் பண்டம் விற்கவும் மறுத்தனர். அவர் பெயரே ஆங்கிலத்தில் பகிஷ்காரத்திற்குரிய சொல்லாயிற்று. நம் நாட்டுச் சுதந்தர இயக்கத்திலும் அச்சொல் முழங்கியதை யாவரும் அறிவர். இங்ஙனம் அரும்பாடுபட்டு நிலம் பெற்ற குடியானவர்களின் வழியினர், பழைய இருப்புப்பாதை தம் நிலத்தினூடே செல்லும் இடங்களில், பிறர் கடந்துசெல்ல மனமுவந்து அனுமதி அளித்தனர். ஜில்லா நிர்வாகம் அவர்களோடு பேசி முடித்து, 2010இல் நியூபோர்ட் முதல் மல்ரானி வரையிலுள்ள 18 கிலோமீட்டரையும், 2011இல் முழுப் பாதையையும் திறந்தது. இது சட்டத்தின் வலியால் பறித்த வழியன்று. அனுமதியால் வந்த வழி. அனுமதியென்பது நன்னடத்தை உள்ளளவும் நிற்பது. ஆதலால் திறந்த கதவை மூடிச் செல்லுதலும், ஆடுமாடுகளை வெருட்டாமையும், குப்பை போடாமையும் அங்குச் செல்வோர் கொடுக்கவேண்டிய சுங்கமாம்.

செல்ல விரும்புவார்க்குச் சில குறிப்புகள்: சைக்கிளை அவ்வூர்களிலேயே வாடகைக்குப் பெறலாம். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கினின்றே வீசும். ஆதலின் வாடகை வண்டிக்காரர் உதவியால் முதலில் அக்கில் சென்று இறங்கி, அங்கிருந்து வெஸ்ட்போர்ட் நோக்கி வருதல் எளிது. காற்று முதுகைத் தள்ளும். மணிக்கு 14 கிலோமீட்டர் வீதம் சென்றால் மூன்று மணி நேரத்தில் முடியுமாயினும், ஒரு பகல் முழுவதும் செலவிடுதலே தக்கது. ஜூன் மாதத்தில் இரவு 10 மணி வரையிலும் வெளிச்சம் இருக்கும். எம்மாதத்திலும் மழை வரும், மழைச்சட்டையின்றிப் புறப்படலாகாது.

வேலை தேடி ஊரைவிட்டுப் போவோர் சென்ற வழி, இன்று விருந்தினர் ஊருக்குள் வரும் வழியாயிற்று. பயனற்றதென்று மூடப்பட்ட ஒன்று எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் முழுவதும் உயிர்பெற்றது. அதற்கு வேண்டியிருந்தவை பெரும் பொருளும் பேரியந்திரமும் மட்டுமல்ல. பழையதை அழித்தொழியாத பொறுமையும், தன் வரப்பினூடே பிறன் போகட்டும் என்னும் ஈரமுமேயாம். நம் மாணவ நண்பர்கள் எந்நாட்டிற்குச் செல்லினும், ஓர் இனிய வழியைக் காணுங்கால், அது யார் வெட்டியது, யார் நடந்து தேய்ந்தது, யார் விட்டுக்கொடுத்தது என்று உசாவிச் செல்வாராக.