ஊர் நகரின் வாய்க்காலும் கீழடியின் கிணறும்



விசுவாசத்தின் தந்தையாம் ஆபிரகாம் புறப்பட்டு வந்த நகருக்கு ‘ஊர்’ என்று பெயர் என்கிறது தொடக்கநூல். நம் தமிழ்ச் சொல்லோடு அதற்கு ஒலி ஒற்றுமை மட்டுமே உண்டு. இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் சுமேரியர் எழுப்பிய நகரமே அது என்பது பலருடைய கருத்து. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மார்ச் 6 அன்று அங்கு சென்று, பிற சமயத்தாரோடு இணைந்து செபித்தார்.

1922 முதல் 1934 வரை லெனார்டு ஊலி அங்கு நடத்திய அகழாய்வில் குறுகலான தெருக்களும், முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த செங்கல் வீடுகளும் வெளிப்பட்டன. களிமண் பலகைகளில் எழுதிக் கணக்கு வைத்தவர்கள் சுமேரியர். ஒரு மணிக்கு 60 நிமிடம் என்று நாம் எண்ணுவதும் அவர்களது அறுபதின் கணக்கிலிருந்து வந்ததே.

அவர்களது பெரிய சாதனை வாய்க்கால். மழை குறைந்த சமவெளியில் யூப்ரத்தீசு ஆற்று நீரைப் பாய்ச்சி நகரங்களுக்கே சோறு போட்டார்கள். ஆனால் வெயிலில் நீர் ஆவியாக, அதிலிருந்த உப்பு மண்ணிலேயே தங்கியது. வடிகால் போதவில்லை. கோதுமை குறைந்து, உப்பைத் தாங்கும் பார்லி மட்டும் நின்றது. பிறகு அதன் விளைச்சலும் சரிந்தது. வாழ வைத்த வாய்க்காலே பிற்காலத்தாரின் நிலத்தை உப்பாக்கியது.

நம் மண்ணிலும் ஒரு பழம்பெரும் நகரம் உண்டு. மதுரைக்கு அருகே, வைகைக் கரையில் உள்ள கீழடி. மத்திய தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை 2018 முதல் தமிழக அரசின் தொல்லியல் துறை தொடர்ந்தது. அங்கு கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. செங்கல் கட்டடங்கள், நூல் நூற்கும் தக்களிகள், தாயக்கட்டைகள், தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் எனச் சாதாரண மக்களின் வாழ்க்கை அங்கே தெரிகிறது. சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகளும் உண்டு. கைத்தொழிலால் வாழ்ந்த அந்த மக்களுக்கும் நிலத்தடி நீரே உயிராதாரமாக இருந்திருக்கிறது.

சோளிங்கரைச் சுற்றியுள்ள நம் வட்டாரமும் தொழிலால் வாழ்வதே. வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை பல குடும்பங்களுக்குத் தோல் தொழில்தான் சோறு போடுகிறது. முன்பு ஆவாரம்பட்டை கொண்டு பல நாட்கள் பதனிட்ட தோலைக் குரோமியம் விரைவில் பதனிட்டது. அதுவும் ஒரு கண்டுபிடிப்பே. ஆனால் தோல் கெடாதிருக்க இட்ட உப்பு, கழுவும் நீரோடு வெளியேறுகிறது; குரோமியமும் கழிவில் சேர்கிறது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதை, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றும் கூறியது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தனர். பிழைப்புத் தேடி வெகுதொலைவிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர்.

தொழில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேலை இழந்த வீட்டின் துயரம் நமக்குத் தெரியும். ஆனால் எந்தக் கண்டுபிடிப்பையும், அது இன்று தரும் கூலியைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. நாளை அது விட்டுச் செல்லும் மண்ணையும் நீரையும் கொண்டு அளக்க வேண்டும். 2015-இல் வெளிவந்த ‘லௌதாத்தோ சீ’ திருமடல், பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்கிறது.

ஆபிரகாம் தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்தனர். மகன் ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினார். தந்தை இட்ட பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார் (தொநூ 26:18). அந்த வேலை இன்று நம்முடையது. ஒவ்வொரு அன்பியமும் தன் தெருவில் தூர்ந்து கிடக்கும் கிணறுகளைக் கணக்கெடுக்கட்டும். குப்பை கொட்டும் கிணற்றைத் தூர்வாரி, நீரைப் பரிசோதனைக்கு அனுப்பட்டும். மழைநீர் சேகரிப்புக் குழாய் அடைபட்டிருந்தால் திறந்துவிடட்டும். பாலாற்றுக்காகக் குரல் கொடுப்போர் எந்தச் சமயத்தவராயினும் அவர்களோடு நிற்போம். நம் பிள்ளைகள் குடிக்கத்தக்க ஒரு கிணற்றையாவது அவர்களுக்கு விட்டுச் செல்ல இறைவன் நமக்கு அருள்வாராக.