சில்லை கலான்: வசந்தம் வர காஷ்மீர் வீடுகள் 70 நாள் காத்திருப்பது ஏன்?

ஜனவரி மாதம், ஸ்ரீநகர். காலை ஏழு மணி ஆகியும் இருட்டு விலகவில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வராது. ராத்திரியே உள்ளுக்குள் உறைந்துவிட்டது. வெந்நீர் வைத்து, குழாய் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஐஸ் இளகும்வரை நிற்க வேண்டும். கூரை ஓரத்தில் முழ நீளத்துக்குப் பனிக்கட்டி தொங்குகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு. போன கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது.

இப்படி ஒரு வீட்டில் இருப்பவர்கள் குளிர் சீக்கிரம் ஒழிந்தால் போதும் என்றுதானே நினைப்பார்கள்? ஆனால், காஷ்மீர் பள்ளத்தாக்கில் பனி கொட்டாத ஜனவரி வந்தால்தான் மக்கள் பதறுகிறார்கள். மழை வேண்டி நாம் பிரார்த்தனை செய்வதுபோல, பனி வேண்டி அங்கே மசூதிகளில் சிறப்புத் தொழுகை நடக்கிறது. குளிர் நன்றாக இருந்தால்தான் வசந்தம் நன்றாக இருக்கும் என்பது அங்கே அனுபவத்தில் வந்த கணக்கு. அந்தக் கணக்கு சமீப வருடங்களில் அடிக்கடி தப்புகிறது. அது என்ன கணக்கு?

40 + 20 + 10

காஷ்மீரில் கடுங்குளிருக்கு என்று தனி காலண்டரே இருக்கிறது. டிசம்பர் 21 அன்று 'சில்லை கலான்' தொடங்கும். ஜனவரி இறுதி வரை 40 நாள். 'சில்லா' என்ற பாரசீகச் சொல்லுக்கு நாற்பது நாள் கொண்ட காலம் என்று பொருள். 'கலான்' என்றால் பெரியது. அதற்குப் பிறகு 20 நாள் 'சில்லை குர்த்', அதாவது சின்னது. கடைசி 10 நாள் 'சில்லை பச்சா', அதாவது குட்டி. மொத்தம் 70 நாள். பிப்ரவரி முடிந்து மார்ச் பிறக்கும்போது இந்தக் கணக்கும் முடியும்.

டிசம்பர் 21-க்கு ஒரு காரணம் உண்டு. வடகோளத்தில் வருடத்திலேயே நீளமான இரவு வருவது அந்த நாளை ஒட்டித்தான். அதற்குப் பிறகு பகல் நீளத் தொடங்கும். ஆனால், நிலம் தன்னிடம் இருக்கும் வெப்பத்தை மெதுவாகத்தான் இழக்கும் என்பதால், பகல் நீண்டாலும் குளிர் பல வாரங்களுக்குக் குறையாது.

எவ்வளவு குளிர்? ஸ்ரீநகரில் 1934 டிசம்பர் 13 அன்று மைனஸ் 12.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அண்மையில், 2024 டிசம்பர் 21 அன்று, அதாவது சில்லை கலானின் முதல் நாளிலேயே, மைனஸ் 8.5 டிகிரி. டிசம்பர் மாதத்தில் அங்கே 50 வருடங்களில் பதிவான மிகக் குளிர்ந்த இரவு அது. தால் ஏரியின் ஓரங்கள் உறைந்து, படகுக்காரர்கள் துடுப்பால் ஐஸை உடைத்துத்தான் வழி உண்டாக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் என்ன நடக்கும்?

காத்திருப்புக்கான வேலை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். சுரைக்காயை நீளநீளமாக அரிந்து, கத்தரிக்காயைக் கீறி, தக்காளியை வெட்டி, டர்னிப்பை நூலில் மாலையாகக் கோத்து வெயிலில் காயவைப்பார்கள். இதற்கு 'ஹோக் ஸ்யுன்' என்று பெயர். நேராகச் சொன்னால், நம்மூர் வற்றல்தான். சாலை மூடி காய்கறி லாரி வராத நாட்களில் குழம்பு இதில்தான் நடக்கும். காய்ந்த மீனும் புகையில் வாட்டிய மீனும்கூட இந்தச் சேமிப்பில் உண்டு.

உடம்பைச் சூடாக வைக்க மூன்று ஏற்பாடுகள். முதலாவது, முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் தொளதொள அங்கியான 'ஃபெரன்'. இரண்டாவது, 'காங்ரி'. பிரம்புக் கூடைக்குள் ஒரு மண்சட்டி, அதில் கனலும் கரி. ஃபெரனுக்குள் கையை இழுத்துக்கொண்டு இதைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் கொட்டும் சினார் இலைகளைக் கூட்டிக் கரியாக்கி வைப்பதும் இதற்காகத்தான். மூன்றாவது, வசதியுள்ள வீடுகளில் 'ஹமாம்'. நமக்கு சோப்புப் பெயராகத் தெரிந்த அதே சொல்தான். கல் பாவிய தரைக்கு அடியில் விறகு எரித்து, அறை முழுவதையும் சூடாக்குவது. குளிர்காலத்தில் வீட்டின் மொத்த வாழ்க்கையும் அந்த ஒரே அறைக்கு வந்துவிடும்: சாப்பாடு, தூக்கம், படிப்பு, விருந்தாளி எல்லாம்.

விடியற்காலையில் கடைக்குப் போகிறவர்கள் ஹரீசாவுக்காகப் போவார்கள். ஆட்டுக்கறியும் அரிசியும் ராத்திரி முழுக்க வெந்து, கரண்டியால் குத்திக் குழைத்த கெட்டியான பதத்தில் இருக்கும். மற்ற நேரத்தில் உப்பு போட்ட இளஞ்சிவப்பு 'நூன் சாய்'.

வெளியே வயல் வேலை இல்லாத இந்த மாதங்களில்தான் பல வீடுகளில் ஊசியும் தறியும் ஓடும். சால்வையில் பூவேலை, கம்பள நெசவு, காகிதக்கூழ் கலைப்பொருள்கள் என காஷ்மீரின் பேர்பெற்ற கைவினைகள் வளர்ந்ததில் இந்த நீண்ட குளிருக்குப் பெரிய பங்கு உண்டு.

விளையாட்டும் இல்லாமல் இல்லை. முதல் பனி விழுந்ததும் 'ஷீன் முபாரக்' என்று வாழ்த்திக்கொள்வார்கள். 'ஷீன்' என்றால் பனி. அந்த முதல் பனியில் கொஞ்சத்தை எதிலாவது மறைத்துச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டால், ஏமாந்து வாங்கியவர் விருந்து வைக்க வேண்டும் என்பது பழைய வழக்கம்.

இதைவிடக் கடுமையான காத்திருப்பு குரேஸ் போன்ற எல்லைப் பள்ளத்தாக்குகளில். பந்திபோராவிலிருந்து ராஸ்தான் கணவாய் வழியாகப் போகும் சாலை பனியில் மூடினால், மாதக்கணக்கில் தொடர்பு அறுந்துவிடும். அரிசி, மருந்து, விறகு எல்லாம் முன்கூட்டியே வந்து சேர வேண்டும். அவசர நோயாளிக்கு ஹெலிகாப்டர்தான் வழி. அதுவும் வானம் தெளிந்தால்தான்.

அழகு மட்டும் அல்ல, ஆபத்தும்

காங்ரியைப் பல வருடம் தோலோடு ஒட்டி வைத்திருப்பதால் தொடையிலும் வயிற்றிலும் ஒருவகைத் தோல் புற்றுநோய் வருகிறது. 'காங்ரி கேன்சர்' என்றே மருத்துவ நூல்களில் அதற்குப் பெயர். 19-ம் நூற்றாண்டிலேயே காஷ்மீரில் பணியாற்றிய மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது. கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்திய அறையில் கரியோ கேஸ் ஹீட்டரோ எரிந்தால், ஆக்ஸிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி மரணங்கள் நடக்கின்றன. குளிர்ப் பிரதேசத்துக்கு டூர் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்: கரி, கேஸ் ஹீட்டர் எரியும் அறையில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

சரி, கரண்ட் ஏன் குளிர்காலத்தில் இப்படிப் படுத்துகிறது? காஷ்மீரின் சொந்த மின்சாரம் பெரும்பாலும் ஆற்று நீரிலிருந்து வருகிறது. குளிரில் மலையில் உள்ள தண்ணீர் பனியாக நின்றுவிடுவதால் ஆறுகள் மெலியும், உற்பத்தி குறையும். ஹீட்டர், கீசர், மின்போர்வை என்று தேவை உச்சத்துக்குப் போவதும் அதே நேரத்தில்தான்.

இவ்வளவு கஷ்டத்துக்கும் நடுவே பனி ஏன் வேண்டும்?

முதல் காரணம், தண்ணீர். இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை தருவது தென்மேற்குப் பருவமழை. காஷ்மீர் பள்ளத்தாக்கின் தெற்கே பீர் பாஞ்சால் மலைத்தொடர் சுவர்போல நிற்பதால், அந்த மழை உள்ளே வருவது குறைவு. அங்கே ஈரம் கொண்டுவருவது மத்திய தரைக்கடல் பக்கமிருந்து கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் காற்று மண்டலங்கள். குளிர்காலத்தில் இவை மலையில் மோதும்போது பனி கொட்டுகிறது.

மலையில் குவியும் பனி ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி. ஏப்ரலில் தொடங்கி கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உருகி ஜீலம் ஆற்றுக்கும் ஊற்றுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் வரும். ஜூன் மாதம் நெல் நாற்று நட வயலில் நிற்கும் தண்ணீரில் பெரும்பகுதி, ஜனவரியில் விழுந்த பனிதான்.

இங்கேதான் 'எப்போது விழுகிறது' என்பது முக்கியம். சில்லை கலானில் விழும் பனி, அடுத்தடுத்த குளிரில் இறுகிக் கட்டியாகி நிற்கும். அதே அளவு பனி மார்ச்சில் விழுந்தால், சுள்ளென்ற வெயிலில் சில நாளிலேயே கரைந்து ஓடிவிடும். டெபாசிட் போட்ட மறுநாளே பணத்தை எடுத்துச் செலவழித்த கதைதான்.

இரண்டாவது காரணம், ஆப்பிள். இந்தியாவின் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காஷ்மீருடையது. ஆப்பிள் மரம் குளிரில் இலை உதிர்த்துத் தூங்கும். அந்தத் தூக்கத்திலிருந்து அது ஒழுங்காக எழுந்து பூக்க வேண்டுமானால், சுமார் 7 டிகிரிக்குக் கீழே போதுமான மணி நேரம் குளிர் கிடைத்திருக்க வேண்டும். பாரம்பரிய ரகங்கள் பலவற்றுக்கு இது ஏறக்குறைய 1,000 மணி நேரம். போதாவிட்டால் மொட்டுகள் ஒரே சீராக வெடிக்காது; பூ குறையும், காய் குறையும். பிப்ரவரியிலேயே வெயில் சுட்டால் வேறு பிரச்சினை: மரம் ஏமாந்து சீக்கிரம் பூத்துவிடும், பின்னால் வரும் ஓர் உறைபனி இரவு அத்தனை பூவையும் கருக்கிவிடும்.

முன்கூட்டி வரும் பனியும் ஆகாது. 2019 நவம்பர் தொடக்கத்தில் திடீர்ப் பனி கொட்டியது. மரங்களில் இலையும் சில இடங்களில் காயும் மிச்சமிருந்ததால் பனி அவற்றில் தேங்கி, கனம் தாங்காமல் கிளைகள் முறிந்தன. சில தோட்டங்களில் மரமே பிளந்தது. நட்டுப் பல வருடம் காத்திருந்து காய்ப்புக்கு வந்த மரங்கள் அவை.

குளிர் தவறிய வருடங்கள்

2024 ஜனவரியில் காஷ்மீரிலிருந்து வந்த ஒரு படம் நாடு முழுக்கப் பரவியது. பனிச்சறுக்குக்குப் பேர்போன குல்மார்க்கின் சரிவுகள் வெறும் காய்ந்த புல்லாகக் கிடந்தன. சில்லை கலானின் பெரும்பகுதி வறண்டே போனது. மாத இறுதியில்தான் பனி வந்தது. அடுத்த ஆண்டும் அதே சிக்கல். குல்மார்க்கில் 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள், பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

அதே பிப்ரவரியில் இன்னும் பெரிய அதிர்ச்சி. அனந்த்நாக் மாவட்டத்தில், முகலாயர் காலத் தோட்டத்துக்குப் பேர்போன அச்சபல் ஊற்று வறண்டுபோனது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது காட்சிப் பொருள். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கோ குடிக்கவும் பாசனத்துக்குமான தண்ணீர். வெயில் அடித்த இதமான ஜனவரியின் பில் அங்கே வந்து சேர்ந்தது.

பூமி சூடாகும்போது, பனியாக விழ வேண்டியது மழையாக விழுவதும், விழுந்த பனி சீக்கிரம் உருகுவதும் அதிகமாகும் என்பதே விஞ்ஞானிகளின் எச்சரிக்கை. தண்ணீர் தேவைப்படும் ஜூன், ஜூலைக்கு முன்பே அது ஆற்றோடு போய்விடும்.

வசந்தம் வந்ததற்கு என்ன அடையாளம்?

சில்லை பச்சா முடிந்ததும் கண்கள் ஹரி பர்பத் கோட்டை அடிவாரத்துக்குப் போகும். அங்குள்ள பாதாம்வாரி தோட்டத்தில் பாதாம் மரங்கள், இலை துளிர்ப்பதற்கு முன்பே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். பள்ளத்தாக்கில் வசந்தத்தின் முதல் செய்தி அதுதான். அடுத்து, மார்ச் இறுதியில் ஜபர்வான் மலையடிவாரத்தில் துலிப் தோட்டம் திறக்கும். துலிப் கிழங்குகளும் இலையுதிர் காலத்தில் நடப்பட்டு, பல வாரக் குளிரை மண்ணுக்குள் அனுபவித்த பிறகே பூக்கக்கூடியவை. இன்ஸ்டாவில் பார்க்கும் அந்த வண்ணப் பாத்திகளும் சில்லை கலானின் விளைச்சல்தான்.

காஷ்மீரியில் வசந்தத்துக்கு 'ஸோந்த்' என்று பெயர். காஷ்மீரிப் பண்டிட் வீடுகளில் அந்தப் பெயரிலேயே மார்ச் நடுவில் ஒரு பண்டிகை உண்டு. முந்தின இரவே ஒரு தாம்பாளத்தில் அரிசி, வால்நட், தயிர், பூ, பேனா, நாணயம், கண்ணாடி எல்லாம் வைத்து, விடிந்ததும் முதலில் அதில் கண் விழிப்பார்கள். சித்திரைக் கனி காணும் வீடுகளுக்கு இது புதிதாக இருக்காது.

குளிர் போகும், பனி கரையும், வசந்தம் திரும்பி வரும் என்ற பொருளில் ஒரு சொலவடை காஷ்மீரில் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. கஷ்டத்தில் இருப்பவரைத் தேற்றவும் அதைத்தான் சொல்வார்கள். அந்த வரிசையில் நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். பனி கரைய வேண்டுமானால், முதலில் பனி விழுந்திருக்க வேண்டும்.

அடுத்த டிசம்பர் 21 அன்று 'ஸ்ரீநகரில் கடுங்குளிர்' என்ற செய்தி உங்கள் போனில் வரும். அதோடு நிறுத்தாமல், ஜனவரி முடியும்போது மலையில் எத்தனை அடி பனி சேர்ந்தது என்ற செய்தியையும் தேடிப் பாருங்கள். அந்த வருடம் அங்கே வயலுக்குத் தண்ணீர் வருமா, மரத்தில் ஆப்பிள் நிற்குமா என்பதற்கான பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.