தண்ணீர்க் குழாயும் விடுதி லைசென்சும்

இளைஞர்கள் கூடும் இரவு நடன விடுதிகளில் போதை மாத்திரை புழங்குவதைத் தடுக்க ஒரு நகரசபை என்ன செய்ய முடியும்? போலீஸ் அதன் கையில் இல்லை. சுங்க இலாகாவும் இல்லை, கோர்ட்டும் இல்லை. அதன் கையில் இருப்பது லைசென்ஸ் ஒன்றுதான். வருஷா வருஷம் நகராட்சி அலுவலகப் படியேறி லைசென்ஸ் புதுப்பிக்கும் நமது வணிக அன்பர்களுக்கு அந்தக் காகிதத்தின் வலிமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்து நகரசபைகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டே இந்தப் பிரச்னையோடு மல்லுக்கட்டி வருகின்றன. அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை, இடையில் கடை நடத்துபவரின் பாடு என்ன ஆயிற்று என்பதை நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் சரக்கைப் பற்றி ஓரிரு வார்த்தை. எக்ஸ்டஸி என்று தெருப்பெயர். ரசாயனப் பெயரின் சுருக்கம் எம்.டி.எம்.ஏ. 1912-ல் ஜெர்மனியின் மெர்க் கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பித்த பழைய சமாச்சாரம் இது. பிரிட்டன் 1977-லேயே இதை ‘ஏ’ வகுப்பில், அதாவது ஹெராயின் இருக்கும் அதே பட்டியலில், சேர்த்துத் தடை செய்துவிட்டது. ஆனாலும் 1988 வாக்கில் புதுவகை நடன இசையோடு சேர்ந்து நாடு முழுவதும் பரவியது. மாத்திரை போட்டவர்களுக்குக் களைப்புத் தெரியாது, மணிக்கணக்கில் ஆடுவார்கள். காற்றோட்டமில்லாத கூடத்தில் ஆயிரம் பேர் நெருக்கியடித்து ஆடும்போது உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். மரணங்களில் பல இந்தச் சூட்டினால் வந்தவைதான். 1989-ல் மான்செஸ்டரின் புகழ்பெற்ற ஹாசியெண்டா விடுதியில் மாத்திரை விழுங்கிய 16 வயதுப் பெண் உயிரிழந்தது நாடெங்கும் பேசப்பட்டது.

கூட்டம் நிறைந்தது, கல்லா நிறையவில்லை

இங்கே ஒரு வியாபார விஷயம் ஒளிந்திருக்கிறது. இரவு விடுதிக்கு லாபம் நுழைவுக் கட்டணத்தில் இல்லை, மதுபானத்தில்தான். எக்ஸ்டஸி போட்டவர்களோ மது அருந்துவதில்லை. அவர்களுக்கு வேண்டியது தண்ணீர். ஹாசியெண்டா 1982-ல் திறக்கப்பட்டு 1997-ல் மூடப்பட்டது. உலகம் முழுவதும் அதன் பெயர் தெரிந்த காலத்தில்கூட உள்ளே கூட்டம் அலைமோதியதே தவிர, பாரில் விற்பனை இல்லை என்று நடத்தியவர்கள் பின்னாளில் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்கள்.

இந்த நஷ்டத்தை ஈடுகட்டச் சில விடுதிக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். கழிப்பறையில் கைகழுவும் தொட்டியின் குளிர்ந்த நீர்க் குழாயை அடைத்துவிட்டு, பாட்டில் தண்ணீரை நல்ல விலை வைத்து விற்றார்கள். சட்டப்படி அதில் குற்றம் காண முடியாது. ஆனால் உடம்பு கொதித்து நிற்கிற பையனிடம், காசு கொடுத்தால்தான் தண்ணீர் என்று சொல்வதை வியாபாரம் என்று நாம் ஒப்புக்கொள்ள முடியுமா? தாகத்துக்கு வந்தவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பது எந்த ஊர்க் கடைத்தெருவிலும் உள்ள வழக்கம்தான்.

அந்தக் காலத்தில் அங்கே மது லைசென்ஸ் மாஜிஸ்திரேட்டுகளிடம் இருந்தது. ஆட்டம் பாட்டத்துக்கான லைசென்ஸ் நகரசபையிடம். நாடாளுமன்றம் 1990-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. லைசென்ஸ் இல்லாமல் பெரிய நடன விழா நடத்தினால் 20,000 பவுண்டு வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. இதனால் பழைய கிடங்குகளிலும் வயல்வெளிகளிலும் கூடிய கூட்டத்தில் பெரும்பகுதி லைசென்ஸ் பெற்ற விடுதிகளுக்குள் வந்து சேர்ந்தது. பிரச்னை நகரசபையின் வாசலுக்கே வந்துவிட்டது எனலாம்.

மான்செஸ்டர் நகரசபை சற்று வித்தியாசமாக யோசித்தது. உள்ளூரில் போதை அடிமைகளுக்காகப் பணியாற்றி வந்த லைஃப்லைன் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, 1990-களின் தொடக்கத்திலேயே ‘பத்திரமான நடனம்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு நடைமுறை விதியை வகுத்தது. அளவுக்கு மீறிக் கூட்டம் சேர்க்கக் கூடாது. காற்றோட்டத்தையும் கூடத்தின் வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆடியவர்கள் உட்கார்ந்து ஆறிக்கொள்ளத் தனி அறை வேண்டும். முதலுதவி தெரிந்தவர்களும், இளைஞர்களிடம் பக்குவமாகப் பேசத் தெரிந்தவர்களும் உள்ளே இருக்க வேண்டும். லைஃப்லைன் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்கள் படக்கதை வடிவில் இருந்தன. அறிவுரை என்றால் ஓடும் வயதினர் அதைக் கையில் வாங்கினார்கள். லண்டன் நகரசபைகளின் போதைத் தடுப்புக் கூட்டமைப்பும் 1996-ல் இதே பாணியில் ஒரு கையேடு வெளியிட்டது.

போதைக்குப் பாய் விரித்துக் கொடுக்கும் திட்டம் என்று இதைத் திட்டியவர்களும் உண்டு. ஆனால் குறிப்பிடத்தக்க விஷயம் வேறு. விடுதிக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதை முதன்முறையாக ஒருவர் அவருக்குத் தெளிவாக எழுதிக் கொடுத்தார். குழாயைத் திற, கதவைத் திற, ஆளை வை என்றால் எந்த வியாபாரியும் செய்துவிடுவார். மான்செஸ்டரில் எழுதிய அந்தக் குடிநீர் விதி 2010-ல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் கட்டாய நிபந்தனை ஆகிவிட்டது. உட்கார்ந்து மது அருந்தும் இடங்களில் வாடிக்கையாளர் கேட்டால் குடிநீரை இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

தண்ணீர் விஷயத்திலேயே இன்னொரு பாடமும் கிடைத்தது. 1995 நவம்பரில் எசெக்ஸ் மாவட்டத்தில் தன் பதினெட்டாவது பிறந்தநாள் விருந்தில், அதுவும் சொந்த வீட்டில், மாத்திரை விழுங்கிய பெண் ஒருவர் நினைவிழந்து சில நாட்களில் இறந்தார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏழு லிட்டர் அளவுக்குக் குடித்திருந்தார். இந்த மாத்திரை சிறுநீரையும் தடுத்துவிடுவதால் நீர் வெளியேறாமல் மூளை வீங்கிவிட்டது. அதன் பிறகு எச்சரிக்கைகளில், ஆடுகிறவர் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று அதிகமாக, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும் என்று அளவு சொல்லப்பட்டது.

ஆம்புலன்சைக் கூப்பிடலாமா?

இந்த மரணத்தால் எழுந்த கொந்தளிப்பில் 1997-ல் புதிய சட்டம் வந்தது. விடுதியிலோ அதன் அருகிலோ போதைப் புழக்கம் கடுமையாக உள்ளது என்று போலீஸ் அறிக்கை கொடுத்தால், நகரசபை லைசென்சை ரத்து செய்யலாம். மேல்முறையீடு முடியும்வரை காத்திருக்காமல் உடனே கதவைச் சாத்தலாம். வாசற்காவல் ஆட்களே போதை விற்கிறவர்களுக்கு வழிவிட்டுக் கமிஷன் வாங்கிய இடங்கள் அப்போது உண்டு. அப்படிப்பட்ட விடுதிக்கு இந்தச் சட்டம் தேவைதான். வாசற்காவலர்களுக்கே தனி லைசென்ஸ் என்ற ஏற்பாடும் 2001-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நாடு முழுமைக்கும் வந்தது.

ஆனால் நேர்மையான விடுதிக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வாசலில் சோதனை போட்டு பத்துப் பொட்டலம் பிடிக்கிறார். போலீசில் ஒப்படைத்தால் அது பதிவாகிறது. உள்ளே ஒரு பையன் மயங்கி விழுகிறான். ஆம்புலன்சை அழைத்தால் அதுவும் பதிவாகிறது. நாளை லைசென்ஸ் மறுபரிசீலனைக்கு வரும்போது இந்தப் பதிவுகளே அவருக்கு எதிரான சாட்சி ஆகலாம். ஒன்றையும் பிடிக்காத, யாரையும் அழைக்காத பக்கத்து விடுதிக்காரரின் ஏடோ வெள்ளையாக இருக்கும்! தவறான கணக்கு எழுதுபவனுக்குப் பரிசு கொடுக்கும் ஏற்பாடு இது. உள்துறை அமைச்சகமே 2002-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் விடுதி, நகரசபை, போலீஸ் மூவரும் கூடி வேலை செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியது. இருந்தாலும் அச்சம் அச்சம்தான்.

லண்டனின் ஃபேப்ரிக் விடுதிக்கு நேர்ந்ததே இதற்குச் சாட்சி. 1999-ல் ஸ்மித்ஃபீல்டு மொத்த இறைச்சிச் சந்தைக்கு எதிரில் தொடங்கிய விடுதி அது. விடியற்காலையில் சந்தை வியாபாரிகள் சரக்கை இறக்கி எடை போடும் நேரத்தில் ஆடி முடித்தவர்கள் வெளியே வருவார்கள். சில ஆண்டுகளில் சில மரணங்கள் நேர்ந்ததைத் தொடர்ந்து, 2014 டிசம்பரில் இஸ்லிங்டன் நகரசபை மோப்ப நாய், அடையாள அட்டை ஸ்கேனிங் என்ற நிபந்தனைகளை விதித்தது. விடுதி கோர்ட்டுக்குப் போனது. 2015 டிசம்பரில் நீதிபதி அந்த நிபந்தனைகளை நீக்கியதோடு, பிற விடுதிகளுக்கு முன்மாதிரி என்ற பொருளில் பாராட்டவும் செய்தார்.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2016 ஜூனிலும் ஆகஸ்டிலும் 18 வயது இளைஞர்கள் இருவர் மாத்திரை சாப்பிட்டு இறந்தார்கள். விசாரணை நள்ளிரவு தாண்டி நடந்து, செப்டம்பர் 7 அதிகாலையில் லைசென்ஸ் ரத்தானது. ஏறக்குறைய 250 பேரின் வேலை கேள்விக்குறியானது. ஒரே ஆண்டுக்குள் ஒரே கடைக்குக் கோர்ட்டில் பாராட்டு, நகரசபையில் பூட்டு! ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். லண்டன் மேயர் சாதிக் கானும் இரு தரப்பும் பேசித் தீர்க்கும்படி கேட்டுக்கொண்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரத்தின் முன் மனுவும் கையெழுத்தும் சிறியவைதான். நகரசபை உறுப்பினர்களையும் நாம் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் மூடப்பட்டது ஒரு விடுதி மட்டுமே. மாத்திரை விற்றவன் வேறு வாசலுக்குப் போயிருப்பான்.

நவம்பர் 21-ல் சமரசம் ஏற்பட்டது. 32 நிபந்தனைகள். வார இறுதி இரவுகளில் 19 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. போதைப் பொருளோடு பிடிபட்டவருக்கு ஆயுட்காலத் தடை. கடுமையான சோதனை, உள்ளுக்குள் ரகசியக் கண்காணிப்பு, கூடவே அடையாள அட்டை ஸ்கேனிங். கோர்ட்டில் போராடி நீக்கிய நிபந்தனையை விடுதி தானாகவே ஏற்றுக்கொண்டது. 2017 ஜனவரியில் கதவு மீண்டும் திறந்தது. முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் இத்தனை மாத நஷ்டம் யாருக்கும் இல்லை.

அண்மைக் காலத்தில் சில நகரங்கள் இன்னொரு படி போயிருக்கின்றன. இளைஞர்கள் கொண்டுவரும் மாத்திரையை ரசாயனச் சோதனை செய்து, அதில் என்ன இருக்கிறது, வீரியம் எவ்வளவு என்று சொல்லி எச்சரிப்பது. நெதர்லாந்தில் 1992 முதலே இது உண்டு. இங்கிலாந்தில் 2016 முதல் இசை விழாக்களில் நடந்தது. 2023 ஜூனில் மான்செஸ்டரின் பார்க்லைஃப் விழா நெருங்கிய நேரத்தில், இதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் தெரிவித்துவிட்டது. லைசென்ஸ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பிறரை லைசென்சுக்குக் காத்திருக்க வைக்கும் நகரத்தாருக்கே அந்தக் காத்திருப்பின் ருசி தெரிந்தது. பிறகு முறைப்படி லைசென்ஸ் பெற்று, 2024 ஜனவரியில் பிரிஸ்டல் நகரில் மாதம் ஒரு நாள் இயங்கும் சோதனை மையம் தொடங்கியது.

நமது கவுண்டருக்கே வந்த விவகாரம்

விடுதிக்காரர் கதை நமக்கெதற்கு என்று நினைக்கும் சில்லறைக் கடை அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கேக் கடைகளில் கிரீம் பொங்கவைக்கச் சிறிய எஃகுக் குப்பிகளில் எட்டு கிராம் அளவில் நைட்ரஸ் ஆக்சைடு வாயு விற்பார்கள். இங்கிலாந்து இளைஞர்கள் அதைப் பலூனில் நிரப்பி உறிஞ்சத் தொடங்கினார்கள். சிரிப்பு வாயு என்ற பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. தொடர்ந்து உறிஞ்சினால் உடலில் உள்ள பி12 வைட்டமின் பயனற்றுப்போய்த் தண்டுவடம் பாதிக்கப்படும். கால் மரத்து நடக்க முடியாமல் போனவர்கள் உண்டு. லண்டன் லாம்பெத் நகரசபை 2015 ஆகஸ்டில் பொது இடங்களில் இதை உறிஞ்சத் தடை விதித்தது. அதே ஆண்டு லிங்கன் நகரசபை, சட்டத்தின் சந்துபொந்துகளில் கடைகளில் விற்ற புதுவகைப் போதைப் பொடிகளை நகர மையத்தில் உபயோகிக்கத் தடை போட்டது.

2016-ல் நாடாளுமன்றச் சட்டம் வந்தபோது பொறுப்பு கடைக்காரர் தலையில் ஏறியது. வாங்குகிறவர் போதைக்காகத்தான் உபயோகிப்பார் என்று தெரிந்து விற்றாலும் குற்றம். அப்படியிருக்கலாம் என்று தோன்றியும் கவலைப்படாமல் விற்றாலும் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை. 2023 நவம்பர் 8 முதல் இந்த வாயு ‘சி’ வகுப்புப் போதைப் பொருளாகிவிட்டது. சட்டவிரோத விற்பனைக்குப் பதினான்கு ஆண்டு வரை தண்டனை. உணவுத் தொழிலுக்கு விற்பதற்குத் தடையில்லை.

அந்த நாட்டு மூலைக்கடைகளில் நம் தமிழர்கள், குறிப்பாக ஈழத்திலிருந்து போனவர்கள், நடத்தும் கடைகள் ஏராளம். நள்ளிரவில் இரண்டு பையன்கள் வந்து நூறு குப்பியும் ஒரு கட்டு பலூனும் கேட்டால் அது கேக் செய்வதற்கல்ல என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மாலை நேரத்தில் ஒருவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து ஒரு பெட்டி கேட்டால்? விடுதிக்காரருக்குக் கூடத்தின் வெப்பம், குழாய், வயது வரம்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரருக்கோ பெரும்பாலும் ‘நீயே யோசித்துக்கொள்’ என்பதுதான் வழிகாட்டி. அதனால் பலர் வாங்குபவரின் தொழில் முகவரியைக் கேட்டு, பில் போட்டு, நகலைப் பத்திரப்படுத்துகிறார்கள். சரக்கையே அலமாரியிலிருந்து எடுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள்.